கடல் கடந்து காணி வாங்குவோருக்கு: இலங்கைக் காணிச் சட்டம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இலங்கையில் காணியோ வீடோ வாங்குவது பற்றி அண்மையில் வந்த கடிதங்களில், புலம்பெயர்ந்த தமிழர்கள் எழுதியவையும் தமிழ்நாட்டு வாசகர்கள் எழுதியவையும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன. எந்த ஊரில் விலை ஏறும் என்பதே பலருடைய முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் காணியை வைத்திருக்கச் சட்டம் உங்களை அனுமதிக்கிறதா, அதன்மேல் ஏற்கெனவே வேறு யாருக்காவது உரிமை இருக்கிறதா என்ற இரண்டையும் தெளிவாக்கிக்கொண்ட பின்பே விலையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களை அந்த ஒழுங்கிலேயே தந்திருக்கிறேன்.

கேள்வி (டொரொன்டோவிலிருந்து ஒரு வாசகர்): நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எண்பதுகளின் இறுதியில் கனடா வந்து, இப்போது கனடியக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கிறேன். ஓய்வூதியப் பணத்தில் கோப்பாயில் நான்கு பரப்புக் காணி (25 சென்ட்) வாங்கி வீடு கட்ட விரும்புகிறேன். என் பெயரில் எழுத முடியாது என்றும், தங்கையின் மகன் பெயரில் உறுதியை (காணிப் பத்திரத்தை) முடித்துவிட்டு, காணி உண்மையில் என்னுடையது என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் போதும் என்றும் தரகர் சொல்கிறார். இது சரியான வழியா?

பதில்: உங்கள் பெயரில் எழுத முடியாது என்று தரகர் சொன்னது சரி, அதற்கு மாற்றாக அவர் காட்டும் வழி மிகவும் ஆபத்தானது.

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், 2013 சனவரி 1 முதல் செயற்படும் வகையில், இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்கும், வெளிநாட்டுக் கம்பனிக்கும், பங்குகளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் உள்ள உள்நாட்டுக் கம்பனிக்கும் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பதையோ பரம்பரையாக உங்கள் குடும்பம் அந்த ஊரில் வாழ்ந்ததையோ இந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. உறுதி முடிக்கும் நாளில் நீங்கள் இலங்கைக் குடிமகனா என்பது ஒன்றே கேள்வி. தடையை மீறி எழுதப்படும் உறுதிக்குச் சட்டத்தில் வலு இல்லை.

இனி மருமகன் பெயரில் வாங்குவதைப் பார்ப்போம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியில் எந்த உரிமையும் நொத்தாரிசின் (உறுதிகளை எழுதிச் சான்றுபடுத்தும் அதிகாரம் பெற்றவரின்) முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்ட ஆவணத்தின் மூலமே பிறக்க முடியும். வீட்டு மேசையில் எழுதி வாங்கிய கடிதத்தைக் காட்டி அந்தக் காணியை நீங்கள் கேட்க முடியாது. நொத்தாரிசு ஒருவரிடமே எழுதுவித்தாலும், சட்டம் தடுத்த ஒன்றைச் சுற்றுவழியில் பெறுவதற்காகச் செய்த ஏற்பாட்டை நிறைவேற்றித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கும் நிலைக்கு ஆளாவீர்கள். உங்கள் மருமகன் நேர்மையானவராகவே இருக்கலாம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்ட ஒருவர் திருமண காலத்தில் விலை கொடுத்து வாங்கிய ஆதனம் தேடியதேட்டமாகிறது. அவர் உயில் எழுதாமல் இறந்தால் அதில் பாதி மனைவிக்கும் மீதி அவருடைய வாரிசுகளுக்கும் போகும். அந்த நாளில் நீங்கள் பேச வேண்டியவர் உங்கள் தங்கையின் மகனாக இருக்க மாட்டார். அவருக்குக் கடன் இருந்தால் கடன்காரர் அந்தக் காணியைத் தேடி வருவார்.

உங்களுக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் அதை மீளப் பெற்று இரட்டைக் குடியுரிமையாளராகலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெறவிருப்பவர் இருப்பதைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இரட்டைக் குடியுரிமையாளருக்கு 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை பொருந்தாது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன், எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் உறுதியை முன்கூட்டியே முடிக்க வேண்டாம். சான்றிதழ் கையில் வந்த பின்பே உறுதி. அதற்குக் காலம் எடுக்கும் என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் நல்ல காணி ஒன்று கைநழுவிப் போனாலும், உங்கள் பணத்தில் வேறொருவர் பெயரில் காணி இருப்பதைவிட அது சிறிய இழப்பு.

கேள்வி (மெல்பனிலிருந்து ஒரு வாசகி): என் தந்தையார் ஊரில் இருக்கிறார், வீடும் வளவும் அவர் பெயரில் உள்ளன. நானும் தம்பியும் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர்கள். அவர் எங்களுக்கு எழுதித் தர முடியுமா?

பதில்: முடியும். மேலே சொன்ன சட்டமே இதற்கு விலக்கு அளிக்கிறது. நெருங்கிய உறவினரான வெளிநாட்டவருக்கு மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ மரண சாசனத்தின் (உயிலின்) மூலமோ போகும் காணிக்கு அந்தத் தடை இல்லை. நன்கொடை உறுதி எழுதுவதாயின், தந்தையார் தம் சீவிய உரித்தை (உயிரோடு உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) அதில் கட்டாயம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குள் எவ்வளவு அன்பு இருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்த வளவு அவருக்கு முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) வந்ததா, உங்கள் தாயாருடைய சீதனமா, திருமணத்துக்குப் பின் வாங்கிய தேடியதேட்டமா என்பதை மூல உறுதியைப் பார்த்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தாயாரின் பங்கு அதில் இருந்தால் தந்தையார் ஒருவருடைய கையொப்பம் போதாது.

கேள்வி (லண்டனிலிருந்து ஒரு வாசகர்): எனக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு. சாவகச்சேரிப் பக்கம் ஆறு பரப்புக் காணி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் உறுதியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் “பிரிபடாத அரைப்பங்கு” என்று எழுதியிருக்கிறது. மற்றப் பங்குக்காரர் நோர்வேயில் இருப்பதால் பிரச்சினை வராது என்கிறார்கள். ஓர் உறுதியில் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: உறுதியைக் கையில் எடுத்ததும் பலரும் முதல் பக்கத்தில் பெயரையும் விலையையும் மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் வாசிக்க வேண்டியது கடைசியில் வரும் அட்டவணை. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் அது பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: “‘பனையடி வளவு’ என்னும் பெயருடைய காணி பரப்பு 12, இதில் பிரிபடாத அரைப்பங்கு. எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கும் மேற்கும் இன்னார் பிள்ளைகளுக்குரிய காணி, தெற்கு இன்னார் மனைவிக்குரிய காணி. இவற்றுக்குள் அடங்கிய நிலமும், வீடும், பனைகளும், பயன்தரு மரங்களும், வடக்குப் புறக் கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும்.” இந்தச் சில வரிகளுக்குள் நான்கைந்து வழக்குகளுக்கான விதை கிடக்கிறது. எல்லையில் சொல்லப்பட்ட “இன்னார்” இரண்டு தலைமுறைக்கு முன் இறந்தவராக இருக்கலாம். இன்று அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதை நேரில் போய்த்தான் அறிய வேண்டும். “கிணற்றில் பங்கு” என்றால் கிணறு உங்களுடையதன்று. வேறொருவருடைய காணிக்குள் தண்ணீர் அள்ளும் உரிமை மட்டுமே உங்களுக்கு இருக்கிறது. ஒழுங்கை என்று எழுதியிருப்பது இன்று வாகனம் போகும் வழியாகவும் இருக்கலாம், வேலி நெருங்கி ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கியும் இருக்கலாம். உறுதியில் ஆறு பரப்பு என்றிருப்பது நிலத்தில் ஐந்தேகால் பரப்பாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. ஆதலால் உத்தரவு பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு புதிதாக அளந்து, புதிய வரைபடத்தின் அடிப்படையில் உறுதி எழுதுவதே முறை.

பிரிபடாத அரைப்பங்கு என்பதன் பொருளை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். தெற்குப் பாதி அவருக்கு, வடக்குப் பாதி நோர்வேயில் உள்ளவருக்கு என்ற பிரிவு எங்கும் இல்லை. அந்த முழுக் காணியின் ஒவ்வோர் அடியிலும் இருவருக்கும் பாதிப் பங்கு உண்டு. நீங்கள் ஒரு பக்கத்தை வேலியடைத்து வீடு கட்டினால், மற்றவர் என்றைக்காவது வந்து 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம். பிரிவிடல் வழக்குகள் பல ஆண்டுகள் இழுபடுவது நம் நீதிமன்றங்களில் வழமை.

இதைவிட உடனடியான சிக்கல் ஒன்றும் உள்ளது. வட மாகாணக் காணிகளுக்குத் தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை பொருந்தும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கூட்டுரிமையாளருக்கும் விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் அந்தப் பங்கை முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. சட்டம் சொல்லும் முறையில் அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் அந்நியருக்கு விற்றால், அந்த விற்பனையை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போகலாம். மற்றப் பங்குக்காரர் நோர்வேயில் இருப்பதால் அவருடைய உரிமை குறைந்துவிடவில்லை. அவரைத் தேடிப் பிடித்து எழுத்தில் சம்மதம் பெறுவதும், முடிந்தால் இருவருமாகச் சேர்ந்து காணியைப் பிரித்து உறுதி எழுதிய பின் உங்களுக்கு விற்பதும் விற்பவரின் பொறுப்பு. அவர் அதைச் செய்து முடிக்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாக இருந்தால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். இன்றைய பெண்களுக்கு இந்த விதி அநீதியானது என்பது என் கருத்து. ஆயினும் அது நடைமுறையில் இருக்கும் வரை, அந்தக் கையொப்பம் இல்லாத உறுதியை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

அடுத்தது காணிப் பதிவகத்தில் தேடுதல். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடி, ஈடு (அடமானம்), ஒற்றி, குத்தகை, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை பதியப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் சார்பான சட்டத்தரணி பார்க்க வேண்டும். விற்பவரின் நொத்தாரிசையே நீங்களும் நம்பியிருப்பது போதாது. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உறுதியைப் பதிவதால் முன்னுரிமை கிடைக்கிறது. உரித்து உண்மையானது என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் தருவதில்லை. அதே காணியை ஒருவர் இருவருக்கு விற்று, பின்னர் வாங்கியவர் தக்க விலை கொடுத்து, மோசடி எதுவுமின்றி முந்திப் பதிந்துவிட்டால், முதலில் வாங்கியவர் நிலைமை மோசமாகிவிடும். ஆதலால் உறுதி முடிந்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். முத்திரை வரி முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க் காணியானால் 3,99,000 ரூபாய் வரும். வரியைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதற்கு உடன்படாதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது, நீங்கள் கொடுத்த உண்மையான விலைக்குச் சான்று இல்லாமல் போய், உங்களுக்குக் கிடைக்காத இலாபத்துக்கும் மூலதன ஆதாய வரி கட்ட நேரும்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்): பரப்பு, பேர்ச் என்கிறார்களே, எங்கள் சென்ட் கணக்கில் எவ்வளவு?

பதில்: ஒரு ஏக்கர் 160 பேர்ச். யாழ்ப்பாணத்தில் பொதுவாக 16 பரப்பை ஓர் ஏக்கராகக் கொள்வார்கள். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஆறேகால் சென்ட். சதுர அடியில் 2,722 அளவில் வரும். கொழும்பில் விலை பேர்ச்சுக்கும், யாழ்ப்பாணத்தில் பரப்புக்கும் சொல்லப்படும். வயற் காணியின் பரப்பு வேறு கணக்கு என்பதால், உறுதியில் உள்ள பரப்பை அப்படியே பெருக்காமல் அளவை வரைபடத்தில் உள்ள எக்டேயர் அளவைப் பாருங்கள்.

கேள்வி (பாரிஸிலிருந்து ஒரு வாசகி): நான் இலங்கைக் குடியுரிமையோடு இருந்தபோது, 2006 இல் கொக்குவிலில் ஒரு காணி வாங்கினேன். இப்போது பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காணியைப் பார்த்துக்கொண்டார். இப்போது வேலி உள்ளே தள்ளி வந்திருக்கிறது. கிணற்றடியில் ஒரு கொட்டிலும் போட்டிருக்கிறார். பத்து வருடம் ஆனால் காணி அவருக்குப் போய்விடும் என்று சொல்கிறார்கள். என் குடியுரிமை மாறியதாலும் காணி போய்விடுமா?

பதில்: குடியுரிமை மாறியதால் மட்டும் காணி உங்களை விட்டுப் போகாது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குப் புதிதாக உரித்தை மாற்றுவதைத் தடுக்கிறது; ஏற்கெனவே முறையாக வாங்கி வைத்திருந்ததைப் பறிப்பதில்லை.

பத்து வருடக் கணக்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. உரிமையாளரின் உரித்துக்கு எதிராக, அவருக்கு அடங்காமல், இடையூறின்றித் தொடர்ந்து பத்து ஆண்டுகள் காணியை ஆண்டவருக்கு நீதிமன்றம் உரித்தை அளிக்கலாம். இதில் “எதிராக” என்ற பகுதிதான் உங்களைக் காக்கிறது. உங்கள் அனுமதியோடு காணியைப் பார்த்துக்கொண்டவர் உங்கள் சார்பில் இருப்பவர். அந்த அனுமதியை மறுத்து, காணி தன்னுடையது என்று வெளிப்படையாக நடந்துகொண்ட நாளிலிருந்துதான் அவருக்குக் காலம் ஓடத் தொடங்கும். கூட்டுரிமையாளர் விடயத்திலும் ஒருவருடைய ஆட்சி மற்றவர்களுடைய ஆட்சியாகவே கொள்ளப்படும் என்று, அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில் 1911 இலேயே தீர்த்திருக்கிறது. கடல் கடந்து இருப்பதும் காலத்தைத் தடுக்கும் காரணங்களுள் ஒன்று என்று அதே கட்டளைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்குக்கான உரிமை பிறந்த நேரத்திலேயே நீங்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் அந்தப் பாதுகாப்பும் இல்லை. போரினால் காணியை இழந்தவர்களுக்காக 2016 இல் கொண்டுவந்த சிறப்புச் சட்டமும் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடுபவர்களுக்கே உதவியது. அந்த வாயில் மூடிவிட்டது.

ஆகவே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சான்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் அனுமதியில்தான் அவர் இருந்தார் என்பதைக் காட்ட ஒரு கடிதம், பழைய குறுஞ்செய்தி, அவருக்கு அனுப்பிய பணத்தின் ரசீது ஏதாவது இருக்கிறதா என்று தேடி எடுங்கள். சோலைவரியை (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சொத்து வரியை) உங்கள் பெயரில் கட்டி ரசீதை வைத்திருங்கள். நில அளவையாளரை அனுப்பி எல்லைக் கற்களை மீண்டும் நடுவியுங்கள். கதியால் (நட்டால் துளிர்க்கும் மரக்கொம்பு) வேலி என்றால் ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரு சாண் இந்தப் பக்கம் வருவதும், அந்தச் சாண்கள் கூடி ஒரு நாள் பாதைக்கான இடம் இல்லாமல் போவதும் ஊரில் எல்லாரும் அறிந்தது. கல்லும் வரைபடமும் இருந்தால் வேலி எங்கே நின்றாலும் எல்லை நகராது. கொட்டில் விடயத்தில் சட்டத்தரணி மூலம் உடனே அறிவித்தல் அனுப்புங்கள். அவர் தொடர்ந்து பார்த்துக்கொள்வதற்கு நீங்கள் விரும்பினால், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் எழுத்து மூலமான அனுமதியாக அதை மாற்றுங்கள். உங்களுக்காக ஊரில் செயற்பட ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால், விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். பராமரிப்பு, வரி, வழக்கு என்று வரம்பு கட்டி, பாரிஸிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு, இலங்கையில் பதிவு செய்விக்க வேண்டும்.

ஊரில் இல்லாத உரிமையாளர்கள் ஆவணங்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 மார்ச் 28 அன்று வெளியான வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல், வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. போரில் உறுதிகளை இழந்து வெளிநாடுகளில் வாழும் எத்தனையோ குடும்பங்கள் மூன்று மாதத்துக்குள் என்ன செய்திருக்க முடியும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. உறுதி தொலைந்திருந்தால், இன்றே காணிப் பதிவகத்தில் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்): கிளிநொச்சியில் ஐந்து ஏக்கர் தோட்டக் காணி மிக மலிவாக வருகிறது. உறுதி இல்லை, “பெர்மிட்” இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியில் பெரும்பகுதி காணி 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட அரச காணி. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அதை விருப்பம் போல் விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக (அரசு வழங்கும் நிலையான உரிமைப் பத்திரமாக) மாறியிருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதிப் பணம் கைமாறும் இந்த வியாபாரத்தில் உங்களுக்கு உரித்து எதுவும் வராது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வர வேண்டிய நிலமும் கலைந்துபோகிறது. மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): திருகோணமலை நிலாவெளியில் கடற்கரையோரம் ஒரு சிறிய விடுதி நடத்த இடம் தேடுகிறேன். நான் இந்தியக் குடிமகன். உள்ளூர் நண்பரோடு சேர்ந்து கம்பனி தொடங்கி நிலம் வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள்.

பதில்: கம்பனி வழி இருக்கிறது, ஆனால் அதில் உங்கள் பங்கு எப்போதும் 50 சதவீதத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். காணி மாற்றப்பட்ட நாளிலிருந்து தொடர்ந்து குறைந்தது இருபது ஆண்டுகளுக்கு அந்த நிலை மாறாதிருக்க வேண்டும் என்பதும் சட்டம். முதலீட்டின் பெரும்பகுதியை நீங்கள் போட்டு, பெரும்பான்மைப் பங்கை மற்றவர் வைத்திருக்கும் கம்பனி அது. நண்பர் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், இருபது ஆண்டு என்பது நீண்ட காலம்.

குத்தகையே உங்களுக்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். வெளிநாட்டவர் அதிகபட்சம் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அதைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். குத்தகை முடியும்போது கட்டடம் யாருக்கு, இடையில் உரிமையாளர் இறந்தாலோ நிலத்தை விற்றாலோ உங்கள் நிலை என்ன, குத்தகையை நீங்கள் வேறொருவருக்கு மாற்றலாமா என்ற மூன்றும் ஆவணத்தில் தெளிவாக இருக்கட்டும்.

நிலாவெளியில் நிலத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கடலிலிருந்து அளந்து பாருங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. கடலுக்கு மிக அருகில் கட்டடமே எழுப்பக் கூடாத ஒதுக்கமும் உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் வரை கட்டத் தடை விதித்துப் பின்னர் தளர்த்தினார்கள். அந்தக் கரையில் எத்தனை உயிர்கள் போயின என்பதை அறிந்தவர்கள் இந்த விதியைத் தொல்லையாகக் கருத மாட்டார்கள். கரையோரத்தில் தனியார் நிலம் என்று காட்டப்படுவது அரச நிலமாகவோ வனத் திணைக்களம் எல்லையிட்ட நிலமாகவோ இருப்பதுண்டு. ஆகையால் பிரதேச செயலகத்தில் எழுத்து மூலமான உறுதிப்படுத்தல் பெறாமல் முன்னே போகாதீர்கள்.

பணத்தை அனுப்பும் வகையில், இந்தியாவில் வசிப்பவர் தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அதை உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் காட்டத் தவறினால், 2015 ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் பத்து லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கலாம். இலங்கையில் பணம் வந்து சேர வேண்டியது உங்கள் பெயரில் திறந்த உள்முக முதலீட்டுக் கணக்கில். அந்தக் கணக்கின் வழியாக வந்த முதலீட்டின் வருமானத்தையும் விற்ற பணத்தையும் திரும்ப எடுத்துச் செல்லலாம். நண்பர் கணக்கிலோ உண்டியல் (ஹவாலா) வழியிலோ அனுப்பிய பணத்தை அவ்வாறு எடுத்துச் செல்ல முடியாது.

கேள்வி (துபாயிலிருந்து ஒரு வாசகி, திருச்சியைச் சேர்ந்தவர்): கொழும்பு வெள்ளவத்தையில் கட்டப்பட்டுவரும் அடுக்குமாடியில் ஒரு வீடு பதிந்து, வாடகைக்கு விட எண்ணம். வெளிநாட்டவருக்கு இது அனுமதிக்கப்பட்டதா? இலாபமா?

பதில்: அடுக்குமாடி வீடுகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. விலை முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகக் கொண்டுவந்து, உறுதி எழுதுமுன் செலுத்துவது அதன் அடிப்படை நிபந்தனை. வெள்ளவத்தை கடலும் ரயில் நிலையமும் தமிழ்ப் பாடசாலைகளும் அருகருகே அமைந்த பகுதி என்பதால் வாடகைக்கு ஆள் கிடைப்பது கடினமன்று.

இலாபத்தைப் பற்றிச் சொல்வதானால், வாடகை ரூபாயில் வருகிறது, நீங்கள் கணக்குப் பார்ப்பது திர்ஹத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்த நாணயம், மே மாதத்தில் 360 ரூபாய் வரை வீழ்ந்தது. அதற்கிடையில் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அந்த இரண்டு மூன்று மாதத்தில், வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையாத வீட்டின் வருமானமும் வெளிநாட்டு உரிமையாளருக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்து போயிற்று. அத்தகைய வீழ்ச்சி ஒன்றைத் தாங்கக்கூடிய, அவசரத்துக்குத் தேவைப்படாத பணமானால் மட்டும் போடுங்கள். பிள்ளையின் படிப்புக்கோ திருமணத்துக்கோ வைத்திருக்கும் பணத்தை இதில் முடக்க வேண்டாம் என்று ஒரு மூத்த சகோதரியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டி முடியாத கட்டடத்தில் பதிவதானால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி ஆதன உரிமைச் சட்டத்தின்கீழ் கட்டடத்தின் வரைபடம் பதியப்படும்வரை, நீங்கள் வாங்கும் வீடு சட்டத்தின் பார்வையில் தனி ஆதனமாக இல்லை. கட்டுநர் தந்த வாக்குறுதி மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. நிலம் வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் உங்கள் வீட்டை ஈட்டிலிருந்து விடுவிப்பதாக வங்கி தரும் கடிதமும் வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் நிலத்தின் உறுதியையும் பதிவகத் தேடுதல் அறிக்கையையும், மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் அனுமதித்த கட்டட வரைபடத்தையும், ஈடு பற்றிய வங்கிக் கடிதத்தையும் கேட்டு வாங்கி, கட்டுநருக்குத் தொடர்பில்லாத சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். இவற்றில் ஒன்றையேனும் தரத் தயங்கும் நிறுவனத்துக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.